முந்திரிக்கொத்தும் முகநூலும்

திருவனந்தபுரத்தினின்று நெடுமங்காடு வழியாகப் பொன்முடிக்குச் செல்லும் அன்பர்கள் நம் ஊராகிய வித்துராவைப் பேருந்தின் சாளரத்தின் வழியே கண்டிருப்பர். கண்டிருப்பர் என்றுதான் கூறலாம்; இறங்கியிருப்பர் என்று கூற இயலாது. கல்லாற்றைத் தாண்டி, 22 கொண்டையூசி வளைவுகளை ஏறி, மலையுச்சியின் மூடுபனியைக் காணும் ஆவலோடு விரைவோர்க்கு, நம் கடைவீதி ஒரு கோப்பைத் தேநீர் அருந்தும் நேரத்திற்கு மேல் உரியதன்று. அந்தத் தேநீர் நேரத்தை நம்பித்தான் இங்குள்ள சிறு வியாபாரிகள் பலர் வாழ்கின்றனர். அடைமழையில் மண் சரிந்து மலைப்பாதை மூடப்பட்டதென்றால், வறுத்த நேந்திரங்காய் கண்ணாடிப் பரணியிலேயே தங்கிவிடும்; வறுத்தவன் வீட்டில் அடுப்பும் தணிந்துவிடும்.

வழிப்போக்கரை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும் இத்தகைய வாணிகத்திற்குக் கைபேசி என்ன செய்ய முடியும், என்ன செய்ய முடியாது என்பதைப் பற்றியே இத்திங்கள் எழுதப் புகுந்தோம். நம்மவர் இல்லங்களில் இன்று ஊறுகாய் போடுவோரும், தையல் தைப்போரும், பூத்தொடுப்போரும், மாவரைத்து விற்போரும் பலராய் இருப்பதனால், நாம் கண்டறிந்த செய்தி சிலருக்கேனும் பயன்படலாம் என்ற எண்ணமே காரணம்.

நம்மவர் பலர் இம்மலைச்சாரலுக்கு வந்தது தேயிலையை நம்பி. திருநெல்வேலிச் சீமையினின்றும் கன்னியாகுமரிப் பக்கத்தினின்றும் வந்து பொன்முடியிலும் போணக்காட்டிலும் கொழுந்து பறித்த குடும்பங்கள் எத்தனையோ. நாளடைவில் தோட்டத் தொழில் நலிந்தது, ஊதியம் தடைப்பட்டது, லயங்களைவிட்டுப் பலர் மலையிறங்க நேர்ந்தது. நம் தந்தையாரும் அவ்வாறு இறங்கியவரே. நாம் பத்தாம் வகுப்புத் தேறி, ரயில்வேயில் கடைநிலை ஊழியராய்ப் புகுந்து, இலாகாத் தேர்வெழுதி, இன்று பார்சல் அலுவலகத்தில் எழுத்தராய் இருக்கின்றோம். ரயிலே இல்லாத ஊரிலிருந்து நாள்தோறும் பேருந்தேறி ரயிலுக்குப் போகும் நம்மைக் கண்டு நண்பர்கள் நகைப்பதுண்டு.

நம் தமையனார் 2017-ஆம் ஆண்டு காலமானார். மதினியாருக்கு இரண்டு மக்கள். மூத்தவள் பெண், இளையவன் பையன். மதினியாரின் கையில் எஞ்சியது முந்திரிக்கொத்துச் செய்யும் தொழில் ஒன்றே. வடக்கே குடியேறியுள்ள வாசகர்களுக்காக ஒரு சொல்: முந்திரிக்கொத்தில் முந்திரிப்பருப்பு என்பது மருந்துக்கும் இராது. சிறுபயற்றை வறுத்துத் திரித்து, சிவக்க வறுத்த தேங்காய்த் துருவலும் ஏலமும் சுக்கும் கூட்டி, வெல்லப்பாகில் உருண்டை பிடித்து, அரிசிமாவுக் கரைசலில் தோய்த்து, மூன்று மூன்றாய் எண்ணெயில் இடவேண்டும். அவை ஒன்றோடொன்று ஒட்டிப் பொரிந்து கொடிமுந்திரிக் குலைபோல் வெளிவரும். மலையாளத்தாரும் திராட்சையை முந்திரி என்பர். பலகாரத்தையும் இதே பெயரால் அழைப்பர். நாஞ்சில் நாட்டுக்கும் திருவனந்தபுரத்திற்கும் எல்லைக்கல் நட்டவர்கள் இப்பலகாரத்தின் நடுவே கல் நடவில்லை.

மதினியார் பின்னிரவு மூன்று மணிக்கு அடுப்பு மூட்டுவார். விடிந்ததும் பேக்கரிகளுக்குச் சரக்குப் போகும். விலை நிர்ணயம் கடைக்காரருடையது. கணக்குத் தீர்ப்பது மாதக் கடைசியில். கொத்து உதிர்ந்து ஒற்றை உருண்டையானால் அது திரும்பி வந்துவிடும். திரும்பி வந்த உருண்டைகளை உண்டே நம் வீட்டுப் பிள்ளைகள் வளர்ந்தனர் என்றால் மிகையன்று. 2020-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஊரடங்கு வந்தது. பொன்முடிக்குப் போவாரில்லை, பேக்கரி திறப்பாரில்லை, நம் ரயில்களும் நின்றன. அவ்வாண்டு ஜூன் முதல் நாள் கேரள அரசு விக்டேர்ஸ் தொலைக்காட்சி வாயிலாகப் பள்ளிப் பாடங்களைத் தொடங்கிற்று. பாடத்திற்கென்று கடன்பட்டுப் பெண்ணுக்கு வாங்கித் தந்த கைபேசி ஒன்று வீட்டில் இருந்தது. அதுவே கடையாயிற்று.

விளம்பரம் என்பது புதிதன்று. முச்சந்தியில் பறையறைந்து செய்தி கூறிய நாட்டில் பிறந்தவர்களுக்கு அதனை யாரும் கற்பிக்க வேண்டுவதில்லை. அஞ்சல் இலாகா பணம் பெற்றுக்கொண்டு பொருளைக் கொடுக்கும் வி.பி.பி. முறையை 1877-லேயே கொண்டுவந்துவிட்டது. பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் நாலு வரி வெளியிட்டு, நாட்டின் மூலைமுடுக்குகளுக்கெல்லாம் தைலமும் புத்தகமும் கடிகாரமும் அனுப்பிப் பொருளீட்டியோர் அக்காலத்தில் பலர். ரயில் நிலையச் சுவர்களில் பதித்த பளபளக்கும் தகட்டு விளம்பரங்களைப் பெரியவர்கள் நினைவுகூர்வர். ஆயின் அந்த நாலு வரிக்கும் அந்தத் தகட்டுக்கும் பணம் வேண்டும். மூன்று படி பயறு வறுப்பவளுக்கு அவை எட்டாக் கனி. இன்றோ, பெரிய மிட்டாய்க் கம்பெனியின் படம் எந்தக் கண்ணாடிச் சில்லில் தோன்றுகின்றதோ அதே சில்லில் மதினியாரின் முந்திரிக்கொத்தும் தோன்றலாம். தோன்றுவதற்குக் கட்டணமில்லை. புதுமை இவ்வளவே, ஆனால் இது சிறிய புதுமையன்று.

தொடக்கத்தில் எல்லாம் வாட்ஸாப் வழியாகவே நடந்தது. தோட்டத்தினின்று இறங்கிச் சிதறிய குடும்பங்கள் தென்காசியிலும் தூத்துக்குடியிலும் திருப்பூரிலும் இருந்துகொண்டு ஒரு குழுவில் கூடியிருந்தன. காலை வணக்கமும் கோயில் படமுமே அதில் ஓடிக்கொண்டிருந்தன. பெண் ஒருநாள் தட்டு நிறைய முந்திரிக்கொத்தைப் படமெடுத்து அதில் இட்டாள். பிறகு வாணிகர்க்கென்றே அமைந்த வாட்ஸாப் பிசினஸ் செயலிக்கு மாறினாள். அது இந்தியாவில் 2018 ஜனவரியில் வந்தது. சிறு வியாபாரி அதனை விலையின்றிப் பெறலாம். பண்டங்களின் படமும் விலையும் அடுக்கிவைக்க அதில் ஒரு பட்டியல் உண்டு. ஒரே செய்தியை ஒருங்கே பலருக்கு விடுக்கும் பட்டியலும் உண்டு. ஒரு பட்டியலில் 256 பேருக்கு மேல் சேரார். அவர்களுள்ளும் நம் எண்ணைத் தம் கைபேசியில் பதிந்து வைத்தவர்க்கே செய்தி போய்ச் சேரும். இந்நுணுக்கத்தை அறியாதார் "அனுப்பினேன், ஒருவரும் கேட்கவில்லை" என்று வருந்துகின்றனர். எனவே பொட்டலத்தின் மேல் ஒட்டும் சீட்டில், விலைக்கும் எடைக்கும் கீழே, "இந்த எண்ணைத் தங்கள் கைபேசியில் பதிந்து வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்" என்று ஒரு வரி சேர்த்தோம். எண்ணிப் பார்க்கின், இதுவரை செய்த விளம்பரங்களுள் பயன் மிக்கது அந்த ஒரு வரிதான்.

சீட்டைப் பற்றிக் கூறியதால் இதனையும் கூறிவிடுவோம். உண்ணும் பண்டம் விற்போர் 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு பெறுதல் வேண்டும். அந்தப் பதினான்கு இலக்க எண் பொட்டலத்தின் மேல் இருத்தல் வேண்டும். வீட்டு அடுப்பு என்று விலக்கில்லை. சிலர் இதனைத் தொல்லையாகக் கருதுகின்றனர். நமக்கோ, முகமறியாத ஊரில் முகமறியாத ஒருவர் பணத்தை முன்னதாக அனுப்பிவிட்டுப் பண்டத்துக்குக் காத்திருக்கும் இத்தொழிலில், அந்த எண்ணைவிட மலிவான நற்சான்று வேறில்லை என்று தோன்றுகிறது.

சீட்டை மூன்று எழுத்திலும் அச்சிட வேண்டும் என்பது மதினியாரின் பிடிவாதம். பெண் மலையாளப் பள்ளியில் பயின்றவள். தமிழ் பேசுவாள், எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் நமக்கு ஒரு வண்டி தவறிவிடும். தாய் சொல்லச் சொல்ல அவள் கைபேசியில் தமிழில் அடிக்கவேண்டியதாயிற்று. தூத்துக்குடியினின்றும் தென்காசியினின்றும் வரும் செய்திகளைத் தமிழில் படிக்கவேண்டியதாயிற்று. "மூன்றரைக் கிலோ" என்பதை "மூன்று அரைக்கிலோ" என்று கொண்டு ஒரு முறை குறைவாய் அனுப்பி, ஏச்சும் வாங்கினாள். ஈராண்டுக்குள் அவள் தமிழ் எழுத்து நேராயிற்று. நம் சங்கம் ஞாயிறுதோறும் நடத்திய தமிழ் வகுப்பினின்று ஓடி ஒளிந்த பெண் இவள் என்பதை வகுப்பு நடத்திய அன்பர்கள் நினைவில் வைத்திருப்பர்.

நிற்க. முகநூலும் இன்ஸ்டாகிராமும் பிறகு வந்து சேர்ந்தன. இவ்விடத்தில் வாசகர்கள் ஒன்றைக் கருத்தில் கொள்ளவேண்டும். முகநூல் 2004-இல் தோன்றியது. அதே நிறுவனம் 2012-இல் இன்ஸ்டாகிராமையும் 2014-இல் வாட்ஸாப்பையும் வாங்கிக்கொண்டது. நாம் மூன்று கடைவீதிகளில் கடை விரித்திருப்பதாய் எண்ணுகின்றோம். மூன்றுக்கும் சொந்தக்காரர் ஒருவரே. 2021 அக்டோபர் 4-ஆம் நாள் திங்கட்கிழமை இரவு ஏறத்தாழ ஒன்பது மணிக்கு இம்மூன்றும் உலகெங்கும் ஒருங்கே நின்றுபோயின. மீண்டும் உயிர்பெற ஆறு மணி நேரம் சென்றது. நவராத்திரி தொடங்க மூன்றே நாள். யாருக்கு எத்தனை, எவ்வூருக்கு, பணம் வந்ததா என்பவை யாவும் அதற்குள் இருந்தன. மதினியார் ஊறவைத்ததும் வறுத்ததுமாய் அடுக்களையில் நின்றார். பெண் கைபேசியைத் தட்டித் தட்டி அழுதாள்.

நல்வேளையாகப் பேரேடு ஒன்று இருந்தது. நாம் பார்சல் எழுத்தரன்றோ? பெயர், ஊர், எடை, தொகை, தேதி என்று கோடு கிழித்து எழுதாத எதுவும் உலகில் நடந்ததாகவே நமக்குத் தோன்றுவதில்லை. தொடக்கத்திலேயே நீண்ட நோட்டு ஒன்றை வாங்கிக் கட்டம் போட்டுக் கொடுத்திருந்தோம். "சித்தப்பாவுக்கு ஆபீஸ் வீட்டிலும் வேண்டும்" என்று பெண் நகைத்துக்கொண்டே எழுதிவந்தாள். அன்றிரவு அந்த நோட்டைப் பார்த்தே பொட்டலம் கட்டினர். இதைவிடக் கொடிய இடி 2020 ஜூன் 29-ஆம் நாள் டிக்டாக் செயலியை இந்திய அரசு தடைசெய்தபோது விழுந்தது. அதில் இலட்சக்கணக்கானோரைச் சேர்த்து வைத்திருந்தவர்கள், விடிந்தெழுந்தபோது ஒருவருடைய முகவரியும் கையில் இல்லாதவராய் நின்றனர். தடை சரியா தவறா என்பது இங்கே நம் பேச்சன்று. இரவல் திண்ணையில் கடை வைப்பவர் வாடிக்கையாளரின் பெயரையாவது தம் வீட்டு நோட்டில் எழுதிக்கொள்ளலாம்.

முகநூலில் மற்றொரு சூட்சுமம் உண்டு. 2018 ஜனவரியில் அந்நிறுவனத்தார் ஒரு மாறுதல் செய்தனர். வாணிகப் பக்கங்களின் செய்திகளைக் குறைத்து, உற்றார் உறவினரின் செய்திகளை முன்னே காட்டுவது என்று. ஆயிரம் பேர் நம் பக்கத்தைப் பின்தொடர்கின்றனர் என்றால் ஆயிரம் பேர் நம் செய்தியைக் காண்பர் என்று பொருளன்று. பலரும் காணவேண்டுமாயின் பணம் கட்டவேண்டும். இதனை வாய்ப்பாகக் கொண்டு தோன்றியுள்ள இடைத்தரகர்கள் பலர். நகரத்தினின்று ஓர் இளைஞர் வந்தார். நல்ல சட்டை, நல்ல பேச்சு. தம் நிறுவனத்திற்குப் பணம் செலுத்தினால் ஒரே திங்களில் பதினாயிரம் பேரை மதினியாரின் பக்கத்தில் சேர்த்துவிடுவதாகவும், புகழ்ந்து எழுதவும் ஆள் இருப்பதாகவும் கூறினார். மதினியார் பொறுமையாகக் கேட்டிருந்துவிட்டு, "அந்தப் பதினாயிரம் பேரிலே முந்திரிக்கொத்தைக் கடிக்கப் பல்லு எத்தனை பேருக்கு இருக்கு தம்பி?" என்றார். இளைஞர் தேநீர் அருந்திவிட்டுச் சென்றார். அவரிடமே பணம் கட்டிய பக்கத்துக் கடைக்காரர் ஒருவருக்குப் பதினாயிரம் பேர் சேர்ந்தது உண்மை. அவர்களில் பெரும்பாலோர் எந்த நாட்டினர் என்பது இன்றளவும் விளங்கவில்லை. வறுவல் வாங்கியவர் ஒருவருமிலர். கூலிக்குப் புகழும் இவ்வழக்கம் பெருகியதனால்தான் இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2022-ஆம் ஆண்டில் இணைய மதிப்புரைகளுக்கென்றே ஒரு தரவிதியை வெளியிட நேர்ந்தது.

அவ்வாறாயின் எது விற்கும்? நம் கேரளத்திலேயே அதற்கு இரண்டு சான்றுகள் உள்ளன. இரண்டும் ஏழை மக்களின் கைத்தொழிலாய் இருப்பதனால் சற்று விரித்துக் கூறுகின்றோம்.

2018 ஆகஸ்டு வெள்ளம் எர்ணாகுளம் மாவட்டத்துச் சேந்தமங்கலத்துக் கைத்தறி நெசவாளரை அடியோடு அழித்தது. ஓணத்திற்கென்று நெய்து வைத்த துணியெல்லாம் சேற்றில் ஊறிற்று. எரிப்பதன்றி வேறு வழியில்லை என்றிருந்த நிலையில் லட்சுமி மேனன், கோபிநாத் பாறயில் என்னும் இருவர் அக்கறை படிந்த துணியை வாங்கி, வெளுத்து, துண்டாக்கி, சிறு பொம்மைகள் செய்யும் வழியைக் கண்டனர். பொம்மைக்குச் 'சேக்குட்டி' என்று பெயர். சேற்றைக் கடந்து வந்த குட்டி என்பது அதன் பொருள். இச்சொல்லுக்கு நமக்கு உரையாசிரியர் வேண்டுமா? ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் பெறும் சேலை ஒன்றில் 360 பொம்மைகள்; பொம்மை ஒன்று 25 ரூபாய்; ஆக 9,000 ரூபாய். செய்தி சமூக ஊடகங்களில் பரவவே, கல்லூரி மாணவரும் அலுவலக ஊழியரும் கடல் கடந்து வாழ்வோரும் கூடியமர்ந்து பொம்மை கட்டித் தந்தனர். பொம்மையின் மேனியில் கறை இருந்தது. அந்தக் கறையை அவர்கள் மறைக்கவில்லை. அதைக் காட்டியே விற்றனர்.

மற்றொன்று அட்டப்பாடிப் பழங்குடிப் பெண்கள் செய்யும் 'கார்த்தும்பி' என்னும் குடை. 'தம்பு' என்ற அமைப்பின் துணையோடு தொடங்கிய இத்தொழிலுக்கு இணையத்தில் கூடிய நண்பர் குழு ஒன்று கைகொடுத்தது. நம் திருவனந்தபுரத்து டெக்னோபார்க்கில் பணிபுரியும் 'பிரதித்வனி' அமைப்பினர் தம் தோழர்களிடையே அக்குடைக்கு ஆதரவு திரட்டினர். 2024 ஜூன் 30-ஆம் நாள் பிரதமர் தம் வானொலி உரையில் அக்குடையைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். சந்தையில் குடைக்குப் பஞ்சமா? ஆயினும் இக்குடையை விரும்பி வாங்குகின்றனர். யார் கை செய்தது என்று தெரிந்த குடை அது.

யார் கை செய்தது என்னும் இவ்விடத்தில்தான் நம் வீட்டில் ஒரு பெரும் வழக்கு எழுந்தது. 2023-ஆம் ஆண்டில் இன்ஸ்டாகிராமின் குறும்படங்கள் எங்கும் பரவியிருந்தன. அசையாத தட்டின் படத்தை எவரும் நின்று பார்ப்பதில்லை. பெண் தானே தோன்றிப் பேசி ஒரு குறும்படம் எடுக்க விரும்பினாள். பதினாறு வயதுப் பெண்ணின் முகத்தை ஊரார் கைபேசியிலெல்லாம் ஓடவிடத் தாய் இசையவில்லை. நாமும் தாயின் பக்கமே நின்றோம். கைகளை மட்டும் காட்டலாம் என்று முடிவாயிற்று. உருண்டை பிடிக்கும் மதினியாரின் கைகள். வலக்கையில் பழைய எண்ணெய்ச் சூட்டின் தழும்பு. அக்குறும்படம் நன்றாகவே ஓடிற்று. மருதமலையிலுள்ள ஐசர் அறிவியல் கல்வி நிலையத்து வடநாட்டு மாணவர் சிலர் தேடி வந்து வாங்கிச் சென்றனர். பலகாரத்தின் பெயர் அவர்கள் வாயில் பட்ட பாடு தனிக் கதை.

பெண் விடவில்லை. "என் முகம் வேண்டாம் என்றால் அம்மா முகத்தைக் காட்டலாமே" என்றாள். மதினியார் பதில் கூறாமல் எழுந்து சென்றுவிட்டார். காரணம் நமக்குத் தெரியும், அவளுக்கும் தெரியாமலில்லை. முந்திரிக்கொத்து மங்கலப் பண்டம். மணவீட்டுக்கும் சீருக்கும் பண்டிகைக்கும் போவது. அதை விற்கும் இடத்தில் நெற்றியில் பொட்டில்லாத முகம் தோன்றினால் எவர் வாங்குவர் என்பது அவருடைய அச்சம். ஆறாண்டுகளாய் மணவீடுகளின் பின்வாசல் வழியாகவே பலகாரக் கூடையைக் கொடுத்துவிட்டுத் திரும்பியவர் அவர். அன்றிரவு பெண் அடுக்களை வாயிலில் நின்றுகொண்டு, "உன் கையாலே செய்ததைத் தின்பார்கள், உன் முகத்தைப் பார்க்கமாட்டார்களா? அப்படிப்பட்டவர்களுக்கு நாம் ஏன் விற்கணும்?" என்று கேட்டாள். நாம் முற்றத்தில் இருந்தோம். அந்தக் கேள்விக்கு எவரிடமும் விடையில்லை. அடுப்பில் எண்ணெய் பொரிந்துகொண்டே இருந்தது.

ஒரு வாரம் தாயும் மகளும் தேவைக்கு மேல் பேசவில்லை. பிறகு ஒரு நாள் பின்னிரவு, விளக்கு வெளிச்சத்தில், மதினியார் தாமாகவே, "எடு" என்றார். முகம் கழுவிக்கொள்ளவும் இல்லை. ஒரு நிமிடத்திற்கும் குறைவான படம். மூன்று மணிக்கு எழுவது, பயறு வறுக்கும் பதம், தேங்காய் ஈரம் இல்லாமல் வறுபட்டால்தான் பத்து நாள் கெடாது என்பது, இவ்வளவே பேசினார். அதைப் பெண் மூன்று இடங்களிலும் வெளியிட்டாள்.

மறுநாள் இழிசொல் ஒன்றும் வந்தது. மதினியார் எதற்கு அஞ்சினாரோ அதையே எவனோ ஒருவன் எழுதியிருந்தான். பெண் அதை அழித்துவிட்டுத் தாயிடம் காட்டவில்லை. ஆனால் அதன் கீழே வேறொன்று வந்திருந்தது. மும்பைத் தாராவியினின்று ஒரு மூதாட்டி, பேரன் வாயிலாக எழுதியிருந்தார்: மதினியாரின் தாயாரோடு ஒரே லயத்தில் இருந்தவராம், முகத்தைக் கண்டதும் தாயார் பெயரைச் சொல்லி, அவள் மகள்தானே நீ என்று கேட்டு, இரண்டு கிலோ அனுப்பச் சொல்லியிருந்தார். பேத்திக்கு நிச்சயதாம்பூலமாம். மதினியார் அதைப் பெண்ணைக் கொண்டு மூன்று முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். அந்த இரண்டு கிலோவுக்கு அவர் விலை வாங்க மறுத்ததும், மூதாட்டி விலை கொடாமல் வாங்க மறுத்ததும், இருவருக்கும் இடையே பேரனும் பேத்தியும் தூது நடந்ததும் தனியே எழுதத் தக்கவை.

அக்குறும்படத்திற்குப் பின் வேண்டுதல்கள் பெருகின. உடன் மோசக்காரரும் வந்தனர். இவர்களைப் பற்றி நம் தாய்மார்கள் அவசியம் அறிந்திருத்தல் வேண்டும். படைமுகாமிலிருந்து பேசுவதாகக் கூறி ஒருவன் இருபது கிலோ கேட்டான். முன்பணம் அனுப்புவதாகச் சொல்லி ஒரு கட்டப்படத்தை விடுத்து, அதனைக் கைபேசியால் படித்து இரகசிய எண்ணை அழுத்தினால் பணம் வந்துசேரும் என்றான். மதினியார், "பணம் தருகிறவன்தானே பூட்டைத் திறக்கணும், வாங்குகிறவள் எதுக்குத் திறக்கணும்?" என்று கேட்டுக் கைபேசியைக் கீழே வைத்துவிட்டார். உண்மை அதுவே. யு.பி.ஐ. முறையில் பணம் அனுப்புவோர்க்கே இரகசிய எண் வேண்டும். பெறுவோர்க்கு ஒருபோதும் வேண்டுவதில்லை. ஏமாந்தவர்கள் வெட்கி மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குத் தெரிவித்தால், பணம் கைமாறிப் போகுமுன் தடுக்க வழியுண்டு.

பொட்டலங்களை எவ்வாறு அனுப்புவது என்று நம்மைக் கேட்போர் உளர். ரயில் பார்சலே சிறந்தது என்று நாம் கூறுவோம் என எதிர்பார்க்கின்றனர். மூட்டைக்கும் பெட்டிக்கும் அது சரி. இறங்கும் நிலையத்திற்கு ஆள் போய் எடுக்கவேண்டியிருப்பதால் ஒரு கிலோப் பலகாரத்திற்கு அஃது ஒவ்வாது. விரைவு அஞ்சலே நம் வீட்டில் பழக்கம். ஆயினும் நம் இலாகாவில் வேறொரு வாய்ப்புண்டு. 2022-23 வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்து அவ்வாண்டே தொடங்கிய 'ஒரு நிலையம் ஒரு பொருள்' திட்டத்தில், நிலையங்களில் உள்ளூர்க் கைத்தொழிலாளருக்கும் பலகாரம் செய்வோருக்கும் குறைந்த கட்டணத்தில் முறைவைத்துக் கடை தருகின்றனர். மகளிர் குழுக்கள் விண்ணப்பிக்கலாம். கைபேசியில் படத்தைப் பார்த்தவர் நேரில் சுவைத்துப் பார்க்க ஓரிடம் இருப்பது நல்லதுதானே.

தீராத தொல்லை ஒன்றே ஒன்று உண்டு. அந்தக் காலத்துக் கடைக்கு இரவில் கதவடைக்கலாம். இந்தக் கடைக்குக் கதவே இல்லை. நள்ளிரவில் "இருக்கிறதா?" என்று கேட்பர். படித்துவிட்டதற்கு அடையாளமாக நீலக்கோடு விழுந்தபின் பதில் வராவிட்டால் சினங்கொள்வர். மூன்று மணிக்கு எழவேண்டியவள் பன்னிரண்டு மணிவரை விழித்திருக்க முடியுமா? காலை எட்டு முதல் மாலை ஏழு வரை மட்டுமே மறுமொழி என்று அறிவித்தோம். அதனால் சிலர் விலகினர். விலகட்டும் என்றார் மதினியார். வருவாயைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: பேக்கரிக் கணக்கு இப்போதும் உண்டு, ஆனால் விலையை மதினியாரே சொல்கின்றார். உதிர்ந்த உருண்டைகளைத் தனிப் பொட்டலமாக்கி, 'உதிரிக்கொத்து' என்று பெயரிட்டு, விலை குறைத்து அவற்றையும் விற்றுவிடுகின்றார். பெண்ணின் படிப்புச் செலவில் பெரும்பகுதி அந்த அடுப்பினின்றே போகின்றது.

பெண் 2025-இல் செவிலியர் கல்லூரியில் சேர்ந்து விடுதிக்குச் சென்றுவிட்டாள். இளையவன் பந்தாட்டப் பைத்தியம். எனவே மதினியாரே கைபேசியில் தமிழில் அடிக்கக் கற்றுக்கொண்டு வருகின்றார். ஆட்காட்டி விரல் ஒன்றினாலேயே அடிக்கின்றார். ஒரு வரிக்குக் கால்மணி நேரம். சென்ற வாரம் விடுத்த அறிவிப்பில் 'முந்திரிகொத்து' என்று ஒற்றில்லாமல் இருந்தது. இடையே ஒரு 'க்' வரவேண்டும் என்று நாம் எடுத்துக் கூறினோம். "கொத்துப் போய்ச் சேர்ந்துட்டுதா இல்லியா?" என்றார். பதினேழு பேர் கேட்டிருந்தனர். நாம் பேரேட்டை எடுத்துக் கட்டம் போடத் தொடங்கினோம்.